தகட்டில் அடித்த ஓவியம் பிழைத்துப் போனால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன பிரிண்டிங் கடை வைத்திருக்கிறேன். மக், டீ-சேர்ட் என்று தொடங்கியது, இப்போது அதிகமாக அடிப்பது அலுமினியத் தகட்டில் பழைய நிலக்காட்சி ஓவியங்கள். கொன்ஸ்டபிள், டர்னர், மொனே, ஹொக்குசாய், புரூகல் போன்ற ஓவியர்கள் வரைந்தவை. இந்த வேலையில் புதிதாக இறங்கிய பிள்ளைகள் பழுதாய்ப் போன தகட்டைப் படம் எடுத்து அனுப்பி “அண்ணா, எங்கே பிழை?” என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொன்னதை எல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் தெரியும் குறைக்கு ஏற்ற பகுதியைப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். நிறம் பிழைத்ததும் எல்லோரும் ஓடிப்போய் கொம்பியூட்டரில் பைலைத் திருத்துகிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். பார்க்க வேண்டிய ஒழுங்கு தகடு, ஈரம், சூடு, மை, அப்புறம்தான் பைல். ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஹீட் பிரஸ்ஸில் (சூட்டோடு அழுத்துகிற இயந்திரம்) இருக்கிற பிழைக்காக கொன்ஸ்டபிள் பூசிய பச்சையை மாற்றினால், பிரஸ் சரியான அன்று அந்தப் பச்சை பிழையாகத்தான் வரும்.

இந்த வேலை (சப்ளிமேஷன் பிரிண்டிங்) நடக்கிற விதமும் நினைவில் இருக்கட்டும். டிரான்ஸ்பர் பேப்பரில் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி அடிக்கிறோம். அதைத் தகட்டின் முகத்தில் ஒட்டி 200 பாகை செல்சியஸ் அளவு சூட்டில், ஒன்றரை நிமிடம் முன்பின்னாக அழுத்துகிறோம். மை ஆவியாகித் தகட்டின் மேலுள்ள பொலிமர் பூச்சுக்குள் போய் உறைகிறது. சரியான நேரமும் சூடும் தகட்டோடு வரும் தாளில் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள். எங்கள் மையில் வெள்ளை கிடையாது. படத்தில் வெள்ளை என்று தெரிவதெல்லாம் தகட்டின் வெள்ளைதான்.

வானம் வெள்ளியாகப் பளபளக்கிறது

இது பிழை என்றே பலருக்குத் தெரிவதில்லை, “மெட்டல் எபெக்ட்” என்று விட்டுவிடுகிறார்கள். நீங்கள் வாங்கியது வெள்ளை அடிப்பூச்சு இல்லாத தகடு, அதனால் வெள்ளை வர வேண்டிய இடமெல்லாம் அலுமினியம் தெரிகிறது. கார் படத்துக்கும் இரவு நகரப் படத்துக்கும் அது அழகாக இருக்கும். டர்னர் 1839இல் வரைந்த ‘த பைட்டிங் டெமரேர்’ என்ற கப்பல் படத்தை அதில் அடித்துப் பாருங்கள். இடப்பக்க மேல்மூலையில் ஒரு மெல்லிய பிறை இருக்கிறது, அந்தப் பழைய கப்பலின் சாம்பல் வெளுப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டிய பிறை. வெறும் தகட்டில் அது விளக்கைப் போட்டால் மின்னும், விளக்கை அணைத்தால் கறுத்துப்போகும். கப்பலும் அப்படியே. ஓவியத்துக்கு எப்போதும் வெள்ளை அடிப்பூச்சுள்ள தகடு வாங்குங்கள், முடிந்தால் மட் (பளபளப்பில்லாதது) அல்லது செமி-குளொஸ் (பாதிப் பளபளப்பு). கடையில் வாங்கும்போது ஒரு துண்டின் பாதுகாப்புப் படலத்தை மூலையில் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், வெள்ளையா வெள்ளியா என்று ஒரு பார்வையில் தெரியும். அந்தப் படலத்தை பிரஸ்ஸுக்குள் வைக்கும் முன் முழுதாக உரிக்கவும் மறக்காதீர்கள். மறந்தால் அது உருகி முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்தத் தகட்டைக் காப்பாற்ற வழியில்லை.

நீலத் திட்டு, பஞ்சு மாதிரி மங்கல்

கொழும்பில் இந்த வேலை செய்கிறவர்களுடைய முதல் எதிரி ஈரம். கடல் பக்கத்து ஊர், மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம். ஏப்ரல், மே, அப்புறம் ஒக்டோபர், நவம்பர் வந்தால் பேப்பர் தானாகவே தண்ணீர் குடிக்கும். பேப்பருக்குள் இருக்கிற ஈரம் பிரஸ்ஸில் ஆவியாகி, போக வழியில்லாமல் மையைத் தள்ளிக்கொண்டு பரவுகிறது. தகட்டில் ஓரம் தெளிவில்லாத நீலத் திட்டுகள், மங்கல் வட்டங்கள், சில இடத்தில் நிறமே ஏறாத வெளிறல்.

ஒரு ஒக்டோபர் மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஓர் அக்கா கொன்ஸ்டபிளின் ‘த ஹே வெய்ன்’ படத்தை A2 அளவில் கேட்டார். அந்தப் படத்தில் முன்பக்கக் கரையில் ஒரு நாய் நிற்கும், தண்ணீரில் நிற்கிற வண்டியைப் பார்த்துக்கொண்டு. தகட்டை எடுத்துக் காட்டியதும் அக்கா முதலில் அந்த நாயைத்தான் பார்த்தார். “தம்பி, இதென்ன, நாய்க்கு நீலம் பூசியிருக்கு?” நாயின் முதுகிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு நீலப் புகை. “இல்லை அக்கா, பேப்பரில் ஈரம். வேறு ஒன்று அடித்துத் தாறேன்” என்று சொல்லிவிட்டு, அன்று கடையை மூடாமல் இருந்து மூன்று தகடு அடித்தேன். மூன்றாவதுதான் சரியாக வந்தது. அந்த மூன்றில் நான் மாற்றியதை எல்லாம் கீழே சொல்கிறேன்.

பேப்பர் ரோலைத் திறந்த நிலையில் வைக்காதீர்கள். அடித்து முடித்ததும் தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்துக் கட்டுங்கள். சிலிக்கா ஜெல்லும் கொஞ்ச நாளில் ஈரம் குடித்து நிறைந்துவிடும், நிறம் மாறுகிற வகையை வாங்கினால் தெரிந்துகொள்ளலாம். அடித்த பேப்பரில் மை நன்றாக உலரட்டும். தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அதனால் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஏசி அறையில் விரித்து வையுங்கள். விசிறிக் காற்று போதாது, அது அதே ஈரக் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. பிரஸ்ஸின் கீழ்த்தட்டில் போடுகிற காப்புத் தாளையும் வைத்திருக்கிற மெத்தையையும் வேலைக்கு முன் வெறுமனே ஒரு தடவை அழுத்திச் சூடாக்குங்கள். மெத்தை இரவு முழுக்க ஈரத்தைக் குடித்திருக்கும், காலையில் முதல் தகடு பழுதாகி இரண்டாவது சரியாக வந்தால் காரணம் அதுதான். அப்புறம், பேப்பருக்கு மேலே ஓர் அச்சடிக்காத வெறும் நியூஸ்பிரிண்ட் தாளை வையுங்கள், வருகிற ஆவியை அது வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு தகட்டுக்கும் புதுத் தாள். காசு மிச்சம் பிடிக்க அதைத் திரும்பப் பாவித்தால் முந்தைய படத்தின் மை இந்தப் படத்துக்கு வரும்.

பிரஸ்ஸை மூடும்போது காதைக் கொடுங்கள். மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் கேட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது. காய்ந்த பேப்பர் சத்தம் போடாது.

இதைத் தூசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈரத் திட்டுக்கு ஓரம் கலங்கி இருக்கும். தூசி என்றால் கூர்மையான சின்னப் புள்ளியாகவோ வளைந்த நூலாகவோ தெரியும். தகட்டை மைக்ரோபைபர் துணியால் துடைத்து, பேப்பரின் மேல் ஒட்டுகிற ரோலரை ஒரு தடவை ஓட்டினால் போகும். பருத்தித் துணியால் துடைத்தால் நீங்களே நூலைப் போடுகிறீர்கள்.

முழுப் படமும் வெளிறி இருக்கிறது, அல்லது ஒரு மூலை மட்டும்

சூடு போதவில்லை. பிரஸ்ஸின் திரையில் 200 என்று காட்டுவதை நம்ப வேண்டாம், அது சென்சர் இருக்கிற இடத்தின் சூடு. நிறையப் பேர் லேசர் புள்ளி விழுகிற வெப்பமானித் துப்பாக்கியால் அளந்துவிட்டு “அண்ணா, 150தான் காட்டுது” என்று பயப்படுகிறார்கள். பளபளக்கிற உலோகத்தில் அந்தக் கருவி குறைவாகத்தான் காட்டும். சூடு தாங்கும் டேப் ஒரு துண்டைத் தட்டில் ஒட்டி, அதன் மேல் அளந்தால் உண்மைக்கு அருகில் வரும். நிறம் மாறுகிற வெப்பப் பட்டைகள் கிடைத்தால் அதைவிட நல்லது.

மூலைகளைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, படம் எதுவும் இல்லாமல் நடுத்தரச் சாம்பல் நிறத்தை மட்டும் முழுத் தகட்டில் அடிப்பது. ஒரு தகடு செலவுதான், ஆனால் எந்த மூலை குளிர், எங்கே அழுத்தம் குறைவு என்று அதில் வரைபடம் போலத் தெரியும். அந்தத் தகட்டின் பின்னால் திகதி எழுதி வைத்திருங்கள். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் ஏசியும் ஓடுகிற நேரம் வோல்ட்டேஜ் இறங்கினால் பிரஸ் திரும்பச் சூடேற நேரம் எடுக்கும், அதனால் ஒரு தகட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவசரப்பட வேண்டாம்.

கறுப்பு பழுப்பாகிறது

மேலே சொன்னதற்கு நேர்மாறு. சூடோ நேரமோ கூடிவிட்டது. கறுப்பு பழுப்புப் பக்கம் சாயும், வெள்ளை இலேசாக மஞ்சளாகும், மெல்லிய கோடுகள் கொழுக்கும். புரூகல் 1565இல் வரைந்த ‘பனியில் வேட்டைக்காரர்கள்’ இதற்கு நல்ல சோதனைப் படம், ஏனென்றால் கறுத்த மரங்கள் நேராக வெள்ளைப் பனிமேல் நிற்கின்றன. மரம் பழுப்பானாலும் பனி மஞ்சளானாலும் உடனே கண்ணில் படும். நேரத்தைப் பத்துப் பத்து விநாடியாகக் குறைத்துப் பாருங்கள். சூட்டையும் நேரத்தையும் சேர்த்துக் குறைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. குறைத்தும் கறுப்பு பச்சையாகவோ பழுப்பாகவோ நின்றால் ஐசிசி புரொபைல் (மைக்கும் பேப்பருக்கும் ஏற்ப நிறத்தைச் சரிசெய்கிற பைல்) பிழை: வேறு மைக்கோ வேறு பேப்பருக்கோ செய்த புரொபைலைப் போட்டிருக்கிறீர்கள்.

கோடுகள் இரண்டாகத் தெரிகின்றன

பிரஸ்ஸைத் திறக்கும்போது பேப்பர் அசைந்தது. மை இன்னும் ஆவியாக இருக்கிற நேரம் ஒரு மில்லிமீற்றர் அசைந்தாலும் நிழல் விழும். நான்கு பக்கமும் சூடு தாங்கும் டேப் ஒட்டுங்கள், பிரஸ்ஸை மெதுவாகத் திறங்கள், பேப்பரை ஒரே இழுப்பில் சூட்டோடு எடுத்துவிடுங்கள்.

ஒரே இடைவெளியில் கிடைக்கோடுகள்

பிரிண்டர் ஹெட் அடைப்பு. நொஸல் செக் (எந்த மைத்துளை அடைபட்டது என்று காட்டும் சோதனைப் பக்கம்) அடித்துப் பார்த்து கிளீனிங் கொடுங்கள். இரண்டு மூன்று நாள் வேலை இல்லாவிட்டாலும் தினம் ஒரு சின்ன நிறப்பட்டை அடித்தால் இந்தப் பிரச்சினை பாதி வராது.

எல்லாம் சரி, ஆனால் நிறம் ஓவியத்தின் நிறம் இல்லை

இப்போதுதான் பைலுக்கு வருகிறோம். முதல் கேள்வி: படத்தை எங்கே எடுத்தீர்கள்? இணையத்தில் ஒரே ஓவியம் பத்து நிறத்தில் கிடக்கிறது, யாரோ பளிச்சென்று தெரிய வேண்டுமென்று நிறத்தை ஏற்றி வைத்ததெல்லாம் அதில் கலந்திருக்கும். ஓவியத்தை வைத்திருக்கிற அருங்காட்சியகத்தின் சொந்தப் பைலை எடுங்கள். நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017 முதல் உரிமை முடிந்த படைப்புகளின் படங்களைத் தடையில்லாமல் பாவிக்க விட்டிருக்கிறது. தோமஸ் கோலின் ‘த ஒக்ஸ்போ’, வான்கோவின் ‘சைப்பிரஸ் மரங்களோடு கோதுமை வயல்’, புரூகலின் ‘அறுவடை செய்வோர்’ எல்லாம் அங்கேதான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்திலும் ரொய்ஸ்டாலின் காற்றாலைப் படம் பெரிய அளவில் கிடைக்கும். ஓவியன் செத்து 200 வருடமானாலும் படம் பிடித்த பைலுக்கு அந்த இடம் வேறு நிபந்தனை வைத்திருக்கலாம், விற்கப் போகிறீர்கள் என்றால் அதைப் படித்துவிட்டு அடியுங்கள்.

இரண்டாவது, பைல் அடோபி ஆர்ஜிபியில் இருந்து, உங்கள் மென்பொருள் அதை எஸ்ஆர்ஜிபி என்று வாசித்தால் (இரண்டும் நிறத்தை எண்ணாக எழுதுகிற வெவ்வேறு முறைகள்) முழுப் படமும் சோர்ந்து தெரியும். இதைப் பார்த்துவிட்டு நிறச்செறிவைக் கூட்டுகிறார்கள், அங்கேதான் நாசம். புரொபைலை முறையாக மாற்றினால் போதும்.

மூன்றாவது, தானியங்கித் திருத்தம். ஓட்டோ கலர், ஓட்டோ கொன்ட்ராஸ்ட் எதையும் ஓவியத்தின் மேல் தொடாதீர்கள். புரூகலின் பனிப்படத்தில் வானம் பச்சை கலந்த சாம்பல், அந்தக் குளிர் முழுக்க அந்தப் பச்சையில்தான் இருக்கிறது. ஓட்டோ கலர் அதைப் பிழை என்று நினைத்து நீலமாக்கிவிடும். ஹொக்குசாயின் ‘பெரிய அலை’யில் பின்னணி பழைய கடதாசியின் நிறம், அதை வெளுத்து வெள்ளையாக்கினால் பிரஷ்யன் நீலம் பிளாஸ்டிக் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். 1846இல் கொழும்புக்கு வந்து கொழும்பு அகாடமியில் சித்திரம் கற்பித்த அன்ட்ரூ நிக்கலின் இலங்கை நீர்வண்ணப் படங்களை யாராவது அடிக்கக் கேட்டாலும் இதே கவனம் வேண்டும். நீர்வண்ணத்தில் கடதாசியின் நிறமும் ஓவியத்தின் ஒரு பகுதி.

‘த ஹே வெய்ன்’ படத்துக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பழைய வார்னிஷின் மஞ்சளைப் பார்த்துப் பழகியவர்கள் அதை மாலை வெயில்போலப் பொன்னிறமாக்குகிறார்கள். 1821இல் கொன்ஸ்டபிள் அதைக் காட்சிக்கு வைத்தபோது கொடுத்த பெயர் ‘நிலக்காட்சி: நண்பகல்’. உச்சி வெயில் படம் அது. மேகத்தின் வெள்ளை வெள்ளையாக இருக்க வேண்டும், குதிரைகளின் சேணத்திலுள்ள சிவப்பு அந்தப் பச்சைகளுக்கு நடுவே சுருக்கென்று தெரிய வேண்டும். நான் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். அது செம்மஞ்சளாகப் போயிருந்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கிறது.

மொனேயின் ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ படத்துக்கு இன்னும் அருமையான சோதனை இருக்கிறது. 1872இல் வரைந்த அந்தப் படத்தில் செம்மஞ்சள் சூரியனும் சுற்றியுள்ள வானமும் ஏறக்குறைய ஒரே வெளிச்ச அளவு. நிறம்தான் வேறு. அச்சடித்த தகட்டை போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். சூரியன் வானத்தோடு கரைந்து காணாமல் போனால் நீங்கள் சரியாக அடித்திருக்கிறீர்கள். வெள்ளை வட்டமாகத் துலங்கி நின்றால் எங்கேயோ கொன்ட்ராஸ்ட் ஏறிவிட்டது, அந்த நடுங்குகிற மாதிரியான அழகு போய்விட்டது.

கடையில் சரியாக இருந்தது, வீட்டில் பச்சையாகத் தெரிகிறது என்று வந்தால் பல்பைக் கேளுங்கள். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் வெண்ணீல எல்ஈடி. பகலில் ஜன்னல் ஓரம் வைத்துப் பார்த்துச் சரியாக இருந்தால் தகட்டில் பிழையில்லை.

கிட்டப் போனால் கட்டம் கட்டமாக இருக்கிறது

கணக்குப் போடுங்கள். 24க்கு 36 அங்குலத் தகட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல் என்றாலே 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். தகட்டின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, கன்வஸ் துணி மறைக்கிற குறையை இது மறைக்காது, அதனால் 200க்குக் கீழே போக எனக்கு விருப்பமில்லை. வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெருப்பிக்கிற மென்பொருளில் போட்டால் அது தூரிகைத் தடத்தைத் தானாகவே கற்பனை செய்து வரையும். கொன்ஸ்டபிள் வரையாத இலையை நாம் ஏன் அடிக்க வேண்டும்? ஷார்ப்பனையும் குறைவாகப் போடுங்கள், கூடினால் பழைய ஓவியத்தின் வெடிப்புக் கோடுகள் வலைபோல மேலே வந்துவிடும்.

ஓரம் வெட்டுப்பட்டது, அல்லது படம் இழுபட்டது

ஓவியத்தின் அளவை முதலில் பாருங்கள், பிறகு தகட்டை வாங்குங்கள். ‘ஹே வெய்ன்’ 130.2க்கு 185.4 செ.மீ., அது A தாள்களின் விகிதத்துக்கு அவ்வளவு அருகில் வருகிறது, A2இல் பக்கவாட்டில் சில மில்லிமீற்றர்தான் போகும். ‘டெமரேர்’ 90.7க்கு 121.6, அதற்கு 18க்கு 24 அங்குலம். வான்கோவின் ‘விண்மீன் இரவு’ 73.7க்கு 92.1, அதற்கு 16க்கு 20 அங்குலம் சொல்லி வைத்த மாதிரிப் பொருந்தும். பிரெடெரிக் சேர்ச்சின் ‘அன்டீஸின் இதயம்’ ஏறக்குறைய 168க்கு 303, அதை 16க்கு 24இல் திணித்தால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். அதற்குத் தகட்டை வெட்டி எடுங்கள், அல்லது மேலும் கீழும் வெள்ளை விடுங்கள். இழுத்து நிரப்புவது மட்டும் வேண்டாம்.

தகடு வளைந்து வருகிறது

சூட்டோடு மேசை விளிம்பில் சாய்த்து வைத்திருப்பீர்கள். ஒரு மில்லிமீற்றர்த் தடிப்பு அலுமினியம், ஆறும்போது எப்படி இருக்கிறதோ அப்படியே நிற்கும். தட்டையான பலகையில் முகம் மேலே வைத்து, சுத்தமான தாளை மூடி, மேலே இன்னொரு பலகை. தண்ணீரில் முக்கிக் குளிரவைக்காதீர்கள்.

நகத்தால் சுரண்டினால் நிறம் வருகிறது

அப்படியென்றால் அது நான் சொல்லும் முறையில் அடித்ததே இல்லை. பெயர்ப்பலகை போர்டு அடிக்கிற கடைகளில் கிளாடிங் என்ற அலுமினிய ஷீட்டின் மேல் யூவி மையால் (புற ஊதா ஒளியில் காய்கிற மை) நேரடியாக அடிப்பார்கள், மை மேலே உட்கார்ந்திருக்கும். அதுவும் நல்ல வேலைதான், அடிக்கும் முன் ஷீட்டை அல்ககோலால் எண்ணெய் போகத் துடைத்திருந்தால். வாங்கும்போது எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் மாட்டிய பிறகு

குளொஸ் தகட்டில் ஜன்னல் தெரிகிறது என்றால் எதிர்ச்சுவருக்கு மாற்றுங்கள், அடுத்த தடவை மட் வாங்குங்கள். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியது மழைக்காலத்தில் விழுந்தால் சுவரின் பெயின்ட் ஈரத்தில் விட்டிருக்கிறது, பின்னால் கட்டை வைத்து ஸ்குரூவில் மாட்டுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலில் பிற்பகல் வெயில் நேராக விழுகிற இடமும் பல்கனியும் வேண்டாம், மை வெளுக்கும்.

காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் உள்ள வீடுகளில் இன்னொன்று நடக்கும். தகட்டின் முகத்துக்குப் பூச்சு இருக்கிறது, வெட்டிய விளிம்புக்கு இல்லை, அங்கே உப்புக்காற்று பட்டு வெள்ளை மாவுபோலப் பூக்கும். தகட்டை வெட்டியதும் விளிம்பை நீர்த்தாளால் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்) தேய்த்து, தெளிந்த லக்கரை மெல்லிய தூரிகையால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். வெள்ளவத்தை அக்காவின் தகட்டுக்கு அப்படித்தான் செய்து கொடுத்தேன், அவர் வீட்டு ஜன்னலில் இருந்து ரயில் பாதையும் கடலும் தெரியும். கிழமைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முகத்தையும் விளிம்பையும் துடைத்து, உலர்ந்த துணியால் ஈரம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன். தேசிக்காயும் பாத்திரம் விளக்குகிற தூளும் கிட்டவே வரக்கூடாது.